காயலான் கடையிலிருந்து ஒரு சினிமா

சினிமா எடுக்க வருகிறவர்கள் முதலில் கதையைத் தேடுவார்கள், அப்புறம் காசைத் தேடுவார்கள். எச். பி. ஹாலிக்கியிடம் இந்த இரண்டுக்கும் முன்பே கார்கள் இருந்தன. தெற்குக் கலிஃபோர்னியாவில் பழைய, உடைந்த வண்டிகளோடு புழங்கிய தொழில் அவருடையது. நம்மூர் பாஷையில் காயலான் கடை. 1974-ல் வெளியான ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ அங்கிருந்துதான் வந்தது.

நிக்கோலஸ் கேஜ் நடித்து 2000-ல் வந்த படம் பலருக்குத் தெரிந்திருக்கும். அது ரீமேக். நான் சொல்வது மூலப் படத்தை. எழுத்து, தயாரிப்பு, இயக்கம், கதாநாயகன், ஸ்டன்ட் டிரைவர் எல்லாம் ஹாலிக்கி ஒருத்தரேதான்.

அன்றைய அமெரிக்காவில் டிரைவ்-இன் தியேட்டர்களை நம்பி ஒரு தனிச் சந்தை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய நட்சத்திரம் கிடையாது, பெரிய பட்ஜெட் கிடையாது. ரத்தம், கவர்ச்சி, வேகம் என்று ஏதாவது ஒரு பரபரப்பைக் காட்டி டிக்கெட் விற்க வேண்டும். இவற்றை ‘எக்ஸ்ப்ளாய்டேஷன்’ படங்கள் என்றார்கள். சுரண்டல் என்று அர்த்தம். ஹாலிக்கி விற்க எடுத்துக்கொண்ட சரக்கு, கார் மோதல்.

கதை ரொம்பச் சின்னது. வெளியே காப்பீட்டு விசாரணையாளராக இருக்கும் ஒருவன், உள்ளுக்குள் கார் திருடன். 48 கார்களைத் திருடித் தர ஒப்புக்கொள்கிறான். ஒவ்வொரு காருக்கும் சங்கேதமாக ஒரு பெண் பெயர். ‘எலினார்’ என்ற மஞ்சள் முஸ்டாங்கை எடுக்கும்போது போலீஸ் துரத்துகிறது. அந்தத் துரத்தல் சுமார் 40 நிமிடம் ஓடுகிறது. படம் முடிவதற்குள் 93 வண்டிகள் நொறுங்கிவிடுகின்றன.

இத்தனை வண்டிக்கு எங்கே போவது? போலீஸ் கார், தீயணைப்பு வண்டி, குப்பை லாரி எல்லாவற்றையும் ஏலத்தில் மலிவாக எடுத்தார். நடிக்க நண்பர்களும் குடும்பத்தாரும் வந்தார்கள். கார்சன் நகர மேயர் மேயராகவே வந்துபோனார். அந்தப் பகுதியில் நிஜமாகவே ஒரு ரயில் தடம்புரண்டபோது, கேமராவோடு ஓடிப்போய் அதையும் படத்தில் சேர்த்துக்கொண்டார். முழுத் திரைக்கதை என்று ஒன்று கிடையாது. புழுதிக் காட்டில் நடக்கும் துரத்தலுக்கு எடிட்டர் வார்னர் லைட்டனுக்குக் கிடைத்தது ஒரு அட்டை, அதில் ஒரு வட்டம். அவ்வளவுதான் ஸ்கிரிப்ட்.

சாஃப்ட்வேர் வேலையில் ஒரு மாற்றத்தை நேராக வாடிக்கையாளர் தலையில் கட்ட மாட்டோம். உடைந்தாலும் பரவாயில்லை என்று சோதனைக்குத் தனி இடம் வைத்திருப்போம். ஹாலிக்கியிடம் அந்தத் தனி இடம் இல்லை. ஃப்ரீவேயில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்னொரு கார் உரச, எலினார் விளக்குக் கம்பத்தில் மோதுகிறது. அது திட்டமிடாத நிஜ விபத்து. ஹாலிக்கி அடிபட்டார், ஆனால் காட்சியை வெட்டவில்லை. நினைவு திரும்பியதும், ஷாட் பதிவானதா என்றுதான் முதலில் விசாரித்தாராம். கடைசியில் 128 அடி தூரம் காரோடு தாவும்போது முதுகெலும்பு நசுங்கியது. அதற்கப்புறம் அவர் நடையே மாறிப்போனது என்கிறார்கள்.

படம் போட்ட காசைவிடப் பல மடங்கு சம்பாதித்தது. ஜனங்கள் பார்க்க வந்தது அந்த நிஜத்தைத்தான். நடிப்பு சுமார், வசனம் அதைவிடச் சுமார், ஆனால் தகரம் கிழிகிற சத்தத்தில் பொய்யில்லை. சுரண்டல் படம் என்ற பெயர் இங்கே வேறு மாதிரிப் பொருந்துகிறது. ஹாலிக்கி முதலில் சுரண்டியது தன் உடம்பை.

1989-ல் இரண்டாம் பாகத்துக்கு இன்னும் பெரிய சரக்கு தேவைப்பட்டது. நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில், ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டியைச் சாய்க்கத் தயாரானார்கள். ஆகஸ்ட் 20 அன்று, டேக்குக்கு முன்பே இரும்பு வடம் அறுந்தது. அது வெட்டிய தொலைபேசிக் கம்பம் ஹாலிக்கியின் மேல் விழுந்தது. அங்கேயே உயிர் போயிற்று. வயது 48. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

‘அந்தக் காலத்தில் எல்லாம் ஒரிஜினல் ஸ்டன்ட், இப்போது எல்லாம் கிராஃபிக்ஸ்’ என்று நாமும் அலுத்துக்கொள்கிறோம். 2000-ஆம் ஆண்டுப் படத்தின் கடைசித் தாவல் கம்ப்யூட்டர் உதவியோடு செய்தது. அது போலியாகத் தெரிகிறது என்று இன்றும் கிண்டல் செய்கிறார்கள். உண்மைதான், போலியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தாவலில் யாருடைய முதுகெலும்பும் நசுங்கவில்லை. ஒரிஜினல் வேண்டும் என்று கேட்கும்போது யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.