நலவாழ்வுத் தொடர்பியல்

நோய், சிகிச்சை, நோய்த்தடுப்பு ஆகியவை பற்றிய செய்திகள் மக்களிடையே எப்படிப் பரவுகின்றன, யாரிடம் போய்ச் சேர்கின்றன, எங்கே திசைமாறுகின்றன என்று ஆராயும் கல்வித்துறை நலவாழ்வுத் தொடர்பியல். மருத்துவர் நோயாளியிடம் சொல்லும் இரண்டு வார்த்தை முதல் சுவரொட்டி, தொலைக்காட்சித் தொடர், வாட்ஸ்அப் வதந்தி வரை எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். தொடர்பியல், பொதுச் சுகாதாரம், உளவியல் மூன்றும் சந்திக்கும் இடத்தில் பிறந்து, 1970களில் அமெரிக்காவில் தனித்துறையாகப் பெயர் பெற்றது. இத்துறையில் வேலை முன்னே வந்தது, படிப்பு பின்னே வந்தது. மக்களிடம் சுகாதாரச் செய்தி சொல்ல ஆட்கள் அமர்த்தப்பட்டுப் பல காலம் கழித்தே அதற்கென்று பட்டம் ஏற்பட்டது. அந்த ஆட்கள் சொன்னது எடுபடாமல் போன இடங்களே பிற்காலத்தில் பாடங்களாயின.

பெயர்

சுகாதாரத் துறை ஊழியர்களிடையே இப்பணிக்கு 'ஐ.இ.சி.' என்பதே வழக்கு. தகவல், கல்வி, தொடர்பு என்னும் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. பொதுமக்கள் 'விழிப்புணர்வு' என்பார்கள். 'சுகாதாரக் கல்வி' என்பது இவற்றுக்கெல்லாம் மூத்த பெயர். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்கிறார் என்ற தொனி அதில் இருந்தது. 'தொடர்பியல்' என்ற சொல் கேட்பவரையும் ஒரு தரப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. யுனிசெஃப் நிறுவனம் இப்போது 'சமூக, நடத்தை மாற்றம்' என்ற பெயரைக் கையாளுகிறது.

முன்வரலாறு

1721இல் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது, அம்மைச் சீழைத் தோலைக் கீறி உடலில் ஏற்றும் பழைய தடுப்புமுறையைப் பாதிரியார் காட்டன் மேத்தர் பரிந்துரைத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனேசிமஸ் என்பவர் அவருக்குச் சொன்ன முறை அது. மருத்துவர் சப்டியல் பாயில்ஸ்டன் அதைச் செய்து காட்டினார். ஊர் இரண்டுபட்டது, துண்டுப் பிரசுரங்களும் செய்தித்தாள்களும் மோதிக்கொண்டன, மேத்தரின் வீட்டுச் சன்னலுக்குள் வெடிகுண்டே வீசப்பட்டது. முறை பலன் தந்தது என்பதைச் சாவு எண்ணிக்கையை ஒப்பிட்டுக் காட்டிய கணக்கு பின்னர்தான் வந்தது. மருத்துவ உண்மையும் மக்கள் நம்பிக்கையும் இருவேறு வேகத்தில் நடப்பவை என்பதற்கு இதைப் பாடநூல்கள் தொடக்க உதாரணமாகக் காட்டுவது உண்டு.

தமிழிலும் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கவும், கலைச்சொற்களை உருவாக்கவும் தம் மாணவர்களோடு பல்லாண்டு உழைத்தார். படித்து வெளியேறும் மருத்துவன் ஊராரிடம் எந்த மொழியில் பேசப்போகிறானோ அந்த மொழியிலேயே அவன் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எக்ஸ்ரே வண்டி எழுப்பிய கேள்வி

பல்கலைக்கழகங்களில் முதலில் இடம்பிடித்தது சுகாதாரக் கல்விதான். 1940களில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் லூசி மார்கன் அதற்கெனத் துறை ஒன்றை வளர்த்தார். 1950இல் அமெரிக்காவின் பொதுச் சுகாதாரக் கல்வியாளர்கள் தங்கள் தொழிலுக்கென ஒரு சங்கமாகத் திரண்டனர்.

அதே காலத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையை ஒரு புதிர் அலைக்கழித்தது. காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரே வண்டிகள் தெருத்தெருவாக வந்து நின்றன. கட்டணம் இல்லை, அலைச்சலும் இல்லை. ஆனாலும் பலர் எட்டிப்பார்க்கவில்லை. காரணத்தைத் தேடிய உளவியலாளர் காட்ஃப்ரி ஹாக்பாம் மூன்று நகரங்களில் 1,200க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தார். 'எனக்கும் இந்நோய் வரக்கூடும்', 'முன்கூட்டியே கண்டுபிடித்தால் நன்மை உண்டு' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே முன்வந்து எக்ஸ்ரே எடுத்திருந்தனர். இரண்டையும் நம்பாதவர்களில் அது 21 சதவீதம். இந்த ஆய்விலிருந்து அவரும் இர்வின் ரோசன்ஸ்டாக் முதலான சகாக்களும் வடித்தெடுத்த 'நலவாழ்வு நம்பிக்கை மாதிரி' இன்றுவரை இத்துறையின் அரிச்சுவடி. 1962இல் எவரெட் ரோஜர்ஸ் எழுதிய, புதுமைகள் சமூகத்தில் பரவும் விதம் பற்றிய நூல் இரண்டாவது தூணாக அமைந்தது.

ஊரே ஆய்வுக்கூடமானது

1972இல் இரண்டு பெரிய சோதனைகள் தொடங்கின. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இதய மருத்துவர் ஜான் ஃபார்குவாரும் தொடர்பியல் பேராசிரியர் நேதன் மக்கோபியும் கைகோத்து, கலிஃபோர்னியாவின் மூன்று சிற்றூர்களை எடுத்துக்கொண்டனர். கில்ராயில் ஊடகப் பிரசாரம் மட்டும் நடந்தது. வாட்சன்வில்லில் பிரசாரத்தோடு, மாரடைப்பு அபாயம் மிகுந்தவர்களுக்கு நேரடி ஆலோசனையும் கிடைத்தது. ட்ரேசியில் எதுவும் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்த்தனர். இவ்வூர்களில் ஸ்பானிய மொழி பேசுவோர் கணிசமாக இருந்ததால் இரு மொழிகளிலும் செய்திகள் தயாராயின. ஊடகத்தால் பலன் உண்டு, முகம் பார்த்துப் பேசினால் அது கூடும் என்று முடிவுகள் காட்டின.

பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாவட்டத்தில் பெக்கா புஸ்கா தலைமையில் நடந்தது மற்றொன்று. மாரடைப்புச் சாவுக்குப் பேர்போன அந்த வட்டாரத்தில் இல்லத்தரசிகள் சங்கங்களே களத்தில் இறங்கின. வெண்ணெய் மணக்கும் பாரம்பரியச் சமையலைக் காய்கறி சேர்த்து மாற்றிச் சமைத்துக் காட்டி, ஊராரைக் கூட்டி விருந்து வைத்தன. மருத்துவக் கல்லூரிக்கும் தொடர்பியல் துறைக்கும் நடுவே இருந்த சுவர் இத்தகைய திட்டங்களில்தான் இடிந்தது.

மருத்துவரின் அறையில்

துறையின் இன்னொரு கிளை சிகிச்சை அறையில் முளைத்தது. 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பார்பரா கார்ஷ் 800 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். தாய்மாரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் தங்கள் மனத்தை அரித்துக்கொண்டிருந்த முதன்மையான கவலையைச் சொல்லாமலே வீடு திரும்பியது தெரிந்தது. 1984இல் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். நோயாளிபோல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மாணவரைச் சோதிக்கும் முறையை 1963இலேயே ஹோவர்ட் பாரோஸ் புகுத்தியிருந்தார்; பேச்சுத் திறனைத் தேர்வில் அளக்க அது கைகொடுத்தது.

தனித்துறையாதல்

பன்னாட்டுத் தொடர்பியல் சங்கத்தில் 1972இல் உருவான சிறு ஆர்வலர் குழு, 1975இல் நலவாழ்வுத் தொடர்பியல் பிரிவு என்று பெயர் மாறியது. இத்துறைக்குப் பெயர் சூட்டப்பட்ட ஆண்டாக 1975ஐக் கொள்வது மரபு. 1984இல் கேரி கிரெப்ஸ், பார்பரா தார்ன்டன் இருவரின் பாடநூல் வந்தது. 1989இலும் 1996இலும் இதற்கென்றே இரண்டு ஆய்விதழ்கள் தொடங்கின. 1990களில் பாஸ்டனின் எமர்சன் கல்லூரியும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியும் கூட்டாக முதுகலைப் படிப்பு நடத்தின. பேச்சுக்கலைக்குப் பெயர்பெற்ற கல்லூரியும் மருத்துவப் பள்ளியும் ஒரே மாணவரைப் பகிர்ந்துகொண்டது அன்று புதுமை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் இயங்கும் தொடர்புத் திட்டங்கள் மையம், வளரும் நாடுகளின் குடும்பநலப் பிரசாரங்களுக்கு வழிகாட்டியது. 2000இல் வெளியான அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு இலக்குகளில் இத்துறைக்கு முதன்முறையாகத் தனி அத்தியாயம் கிடைத்தது.

இந்தியாவில்

மத்திய சுகாதாரக் கல்விப் பணியகம் 1956இல் தில்லியில் அமைந்தது. தமிழ்நாட்டில், டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் உருவாக்கிய காந்திகிராமத்தில் 1964இல் ஊரக நலவாழ்வு, குடும்பநல நிறுவனம் தொடங்கியது. பல மாநிலங்களின் சுகாதாரக் கல்வியாளர்கள் பட்டயப் பயிற்சிக்கு அங்கேதான் வந்தனர். ஆத்தூர் வட்டாரக் கிராமங்கள் அவர்களுக்குப் பாடசாலையாயின.

1960களில் தீப் தியாகி முன்னின்று உருவாக்கிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான தலைகீழ்ச் சிவப்பு முக்கோணமும், அதன் துணையாக வந்த 'நாம் இருவர் நமக்கு இருவர்' முழக்கமும் எழுத்தறியாதவருக்கும் எட்டின. 1984 முதல் 1985 வரை தூர்தர்ஷனில் 156 பகுதிகளாக ஓடிய 'ஹம் லோக்' அடுத்த கட்டம். மெக்சிகோவில் மிகேல் சபிதோ வகுத்த, கதைவழிக் கல்வி முறையைப் பின்பற்றிய தொடர் அது. தொடக்கப் பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை தூக்கலாக இருந்ததால் பார்வையாளர் முகம் சுளித்தனர்; போதனையைக் குறைத்துக் கதையைக் கூட்டிய பின் கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாய் பாகவந்தியை 'இப்படி இருக்காதீர்கள்' என்று காட்டத்தான் படைத்தார்கள். பார்த்த பெண்களில் பலர் அவளையே உத்தமி என்று கொண்டாடினர். அனுப்பிய பொருள் ஒன்று, பெறப்பட்ட பொருள் வேறு என்பதற்கு உலகெங்கும் வகுப்புகளில் சொல்லப்படும் உதாரணம் இது.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் விளம்பரப் பலகைகளிலும், கற்பனை மனிதர் ஒருவரைப் பற்றி, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி தோன்றியது. டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை அதே பேச்சு. ஒரு செய்தியை ஊர் முழுக்கப் பேசவைத்த வகையில் அது பெருவெற்றி. ராஜா என்று பெயர் வைத்த பாவத்துக்குக் கேலிக்கு ஆளானவர்களும் உண்டு.

போலியோ ஒழிப்பில், சொட்டு மருந்து குழந்தைப் பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி உத்தரப் பிரதேசத்தில் பெரும் தடையானது. அதே தெருவைச் சேர்ந்த பெண்களும் மதத் தலைவர்களும் வீடு வீடாகச் சென்று பேசிய பிறகே கதவுகள் திறந்தன. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானார்; 2014இல் இந்தியா உள்ளிட்ட பகுதி போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர்; கால அவகாசத்தை நீட்டிக்க வேண்டியிருந்தது. தடுப்பூசிக்குப் பழகிய, படிப்பறிவு மிக்க மாநிலத்திலும் நம்பிக்கையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் ஈட்ட வேண்டும் என்பதை அந்த மாதம் உணர்த்தியது.

பாடத்திட்டம்

இன்றைய முதுகலைப் படிப்புகளில் நடத்தைக் கோட்பாடுகள், நோய்ப்பரவலியல், புள்ளியியல், செய்தி வடிவமைப்பு, நெருக்கடிக் காலத் தொடர்பு, அறவியல் ஆகியவை பொதுவாக இடம்பெறும். கடைசிப் பருவத்தில் மருத்துவமனையிலோ அரசுத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ களப்பயிற்சி இருக்கும்.

முன்சோதனை என்பது மாணவர் முதலில் கற்கும் தொழில்நுணுக்கம். அச்சுக்குப் போகுமுன் சுவரொட்டியை, அது யாருக்கானதோ அவர்களிடமே காட்டி 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்பது. வரைந்தவர் நினைத்தது ஒன்றாகவும் பார்ப்பவர் சொல்வது வேறாகவும் இருப்பது முதல் நாளே தெரிந்துவிடும். 'திரும்பச் சொல்லவைத்தல்' அடுத்தது. மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால், காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று மருந்தாளுநருக்குப் பொருள். முதல்முறை பார்க்கும் பாட்டிக்கு அது நூற்றொன்று. 'புரிஞ்சுதாம்மா?' என்று கேட்டால் யாரும் 'ம்' என்றுதான் சொல்வார்கள். 'வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பாப்போம்' என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். புரியாமல் போனால் தவறு சொன்னவருடையது என்று வைத்துக்கொள்வது இம்முறையின் அடிப்படை. இந்திய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் மனப்பாங்கு, அறவியல், தொடர்புத் திறன் ஆகியவற்றுக்கான கட்டாயப் பாடம் சேர்ந்திருக்கிறது.

வேலைவாய்ப்பு

சுகாதாரத் துறைகளின் ஐ.இ.சி. பிரிவு, மருத்துவமனைகளில் நோயாளிக் கல்வி, தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், மருந்து நிறுவனங்களின் மருத்துவ எழுத்து, நலவாழ்வு இதழியல், செயலி வடிவமைப்பு, ஆய்வு, ஆசிரியப் பணி ஆகியவை இப்படிப்பு திறக்கும் வாசல்கள். அமெரிக்காவில் சுகாதாரக் கல்வியாளருக்குத் தேர்வு எழுதிப் பெறும் தொழிற்சான்று உண்டு. இந்தியாவில் பெரும்பாலோர் சமூகப்பணி, இதழியல், செவிலியம், பொதுச் சுகாதாரம் ஆகிய பட்டங்களின் வழியாகவே இத்தொழிலுக்கு வருகின்றனர். வட்டார மொழியில் சரளமாக எழுதவும் பேசவும் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம்; தில்லியில் எழுதிய வாசகத்தைத் தமிழாக்கி ஒட்டினால் அது நோட்டீசாக இருக்கும், செய்தியாக இராது.

கொரோனாவும் விமர்சனங்களும்

2020 பிப்ரவரியில், கொள்ளைநோயோடு தகவல் கொள்ளைநோயும் பரவுவதாக உலக சுகாதார அமைப்பின் தலைவர் எச்சரித்தார். அடுத்த மாதம் இந்தியாவில் யாருக்குப் போன் செய்தாலும் முதலில் இருமல் சத்தமும் பின்பு அறிவிப்பும் கேட்டன. முதல் வாரம் எல்லாரும் கவனித்தார்கள். பிறகு அது எப்போது முடியும் என்று காத்திருந்தார்கள். ஒரே செய்தி ஓயாமல் ஒலித்தால் காது பழகிவிடும் என்ற பாடத்தை நாடே நேரில் படித்தது.

துறைக்குள்ளிருந்தே எழுந்த கூர்மையான விமர்சனம், இந்தியாவில் பிறந்த ஆய்வாளர் மோகன் தத்தா முன்வைத்த பண்பாட்டு மையப் பார்வை. நோய்க்குக் காரணம் மக்களின் அறியாமை என்று வைத்துக்கொண்டு பிரசாரம் செய்வது, வறுமையையும் வசதிக்குறைவையும் மறைத்துவிடும் என்பது அவர் வாதம். கை கழுவச் சொல்லும் சுவரொட்டிக்குக் கீழே குழாய் இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். ஊருக்குள் போகும் மாணவர் சுவரொட்டியைப் பிரிக்குமுன் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே இவ்விமர்சனம் பாடத்திட்டத்துக்குச் சேர்த்த பகுதி.