கிட்டார் கழுத்துக்குள்ளே ஒரு தண்டு

நாக்பூரிலிருந்து மும்பைக்கு மாற்றல். முதல் மழைக்காலத்திலேயே மகளின் கிட்டார் கழுத்து வளைந்து, கம்பிகள் மேலே எழும்பி, "விரல் வலிக்குதுப்பா" என்று அழுகை. பழுதுபார்க்க வந்தவர் ஆலன் கீயை நுழைத்து ஒரு திருகு திருகினார், அவ்வளவுதான்! உள்ளே எஃகுத் தண்டு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

பேங்க்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். தேடிப் படித்தேன். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 70 கிலோ. குடல் நரம்பு கட்டிய காலத்தில் இவ்வளவு இழுவை இல்லை. எஃகுக் கம்பி பரவத் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியின் தாடியஸ் மெக்ஹ்யூ, திருகிச் சரிசெய்யும் தண்டுக்கு 1923-ல் காப்புரிமை பெற்றார். மார்ட்டின் கம்பெனி 1930-களில் திருக முடியாத எஃகுப் பட்டையை வைத்தது. இரண்டாம் உலகப்போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு. பதிலுக்குக் கருங்காலிக் கட்டையைச் செருகினார்கள்!

1970-களில் விண்வெளித் துறையின் கார்பன் இழை வந்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம், மழைக்கு மரம்போல் ஊறாது. ஆனால் திருக முடியாதே? அதனால் பலர் எஃகுத் தண்டின் இருபுறமும் கார்பன் தண்டு பதிக்கிறார்கள்.

மகளுடையதிலும் பதிக்கலாமா என்று விசாரித்தேன். விரல் பலகையையே பெயர்க்க வேண்டுமாம். கூலி கிட்டார் விலையைத் தாண்டும். ஆலன் கீ ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன் :-)