பூகோளமும் பூகர்ப்பமும்

கலெக்டர் அலுவலகங்களில் 'புவியியல் மற்றும் சுரங்கத்துறை' என்றொரு பிரிவு உண்டு. பேரப்பிள்ளைகளின் புத்தகத்திலும் புவியியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பிள்ளைகள் படிப்பது ஜியாகிரபி, அந்த அலுவலகம் பார்ப்பது ஜியாலஜி. முப்பது வருடங்களுக்கு மேல் கோப்பு எழுதியவன் என்பதால், ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் எனக்கு உறுத்தும். பழைய தலைமுறை ஒன்றைப் பூகோளம் என்றும், மற்றதைப் பூகர்ப்ப சாஸ்திரம் என்றும் பிரித்தே சொன்னது. பூமியின் முகம் ஒன்று, வயிறு மற்றொன்று.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சரித்திர வாத்தியார்தான் பூகோளமும் நடத்துவார். பாறையும் மண்ணும் செடிகொடிகளோடு சேர்ந்து இயற்கை விஞ்ஞான வாத்தியாரிடம் போய்விடும். பிரான்சில் இன்றைக்கும் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். மனிதன் எங்கே குடியேறினான், எந்த வழியாகப் போனான் என்பதெல்லாம் பூகோளத்தோடு ஒட்டிய சங்கதி என்பதால் இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

நம் மாகாணத்தில் இந்த இரண்டு சாஸ்திரங்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கால் வைத்தன. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஒரு கோட்டிலிருந்துதான் இந்தியாவின் முக்கோண அளவை முழுவதும் கிளம்பியது. லாம்டனுக்கு மலை என்பது கருவியை வைக்க ஓர் உயரமான இடம், அவ்வளவுதான். அது எந்தக் கல்லால் ஆனது என்பது அவர் கணக்கில் வராது.

அந்தக் கேள்வியைக் கேட்க வேறொருவர் வரவேண்டியிருந்தது. 1851இல் தொடங்கிய ஜியலாஜிக்கல் சர்வேயில் வேலை பார்த்த தாமஸ் ஹாலந்து, பரங்கிமலையை அடுத்த பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையிலும் அதே வகைக் கல்தான் இருந்தது. அதனால் 1893இல் அதற்கு சார்னோகைட் என்றே பெயர் வைத்துவிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு இப்படி ஒரு துரையின் பெயர்!

இதே ஹாலந்து நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறார். காங்கயத்தை அடுத்த சிவன்மலையின் பாறைகளைப் பற்றி 1901இல் தனி நூலே வெளியிட்டார். நமக்கு அது முருகன் மலை. அவருக்கு அது நெஃபலின் சயனைட் என்ற அபூர்வப் பாறையும் குருந்தக் கல்லும் கிடைக்கும் இடம். வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது குருந்தம். மாணிக்கமும் நீலமும் அதன் நிற வகைகளே. ஆங்கிலத்தில் 'கொரண்டம்', பிரெஞ்சில் 'கொரேந்தோன்' என்கிறார்களே, இரண்டுக்கும் மூலம் நம் குருந்தம்தான்.

காங்கயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் வகையான பெரில் கிடைத்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, கல்மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் அடையாளங்கள் வெளிவந்தன. பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்று ரோமாபுரி பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கல்லைக் கொடுத்தது பூகர்ப்பம். அதை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தது பூகோளம், அதாவது பாலக்காட்டுக் கணவாய்.

அந்தக் கணவாய்தான் ஆடியில் குண்டடத்தில் நம் வேட்டியைப் பறக்கவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி அது. அதன் வழியே காற்று வரும், மழை மட்டும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுப் போய்விடும். காற்றாலைகள் இத்தனை இங்கே நிற்பதற்கும், சோளமும் கொழுக்கட்டைப் புல்லும் ஆட்டுச் சந்தையும் நம் பிழைப்பானதற்கும் காரணம் அந்தப் பூகோளம். பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டமும் பூகோளத்தைப் படித்தவர்கள் செய்த காரியமே. மேற்கே ஓடும் ஆறுகளைக் கிழக்கே திருப்பி, பல்லடம், தாராபுரம் பக்கம் வரை தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆனால் போர் போடும்போது வரைபடம் உதவாது. நம் காலுக்குக் கீழே இருப்பது மணற்பாறை அல்ல, கடினமான பழம்பாறை. அதன் உடம்பில் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே மக்கிய பாறையிலும், அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான் நீர் நிற்கும். பழைய திறந்த கிணறுகள் அந்த மக்கிய அடுக்கை நம்பி வெட்டப்பட்டவை, மழை பெய்தால் ஊறும். ஆயிரம் அடி போர் வெடிப்பை நம்பி இறங்குகிறது. வெடிப்பு பத்தடி தள்ளிப் போனால் புழுதிதான் மேலே வரும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு தோட்டத்துக்காரர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து, திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து இரண்டு போர் போட்டார். இரண்டிலும் புகைதான். மூன்றாவதுக்கு முன் மின்தடை அளக்கும் கருவியோடு ஒருவர் வந்து, கம்பி நட்டு இரண்டு நாள் பார்த்தார். தோட்டத்தின் வடகோடியில் ஓர் இடம் காட்டினார். "ஏனுங்க, பக்கத்துத் தோட்டத்தில் தெற்கேதானே தண்ணி இருக்குது?" என்று கேட்டார் தோட்டத்துக்காரர். "அது அவங்க பாறைங்க" என்றார் வந்தவர். அங்கே ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் வந்தது. வீட்டுக்கும் மாட்டுக்கும் போக, அரை ஏக்கர் தென்னைக்குச் சொட்டு நீராகப் பாய்கிறது.