இல்லாத காலில் வரும் வலி

மிதிவெடியில் கால் போனவருக்குச் சில இரவுகளில் அந்தக் காலின் பெருவிரல் கடிக்கும். சொறியக் கை போகும். அங்கே விரல் இல்லை. வேறு சிலருக்கு, இல்லாத பாதம் முறுக்கி இழுப்பதுபோல வலிக்கும். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னரும் குடாநாட்டில் இப்படியானவர்கள் வாழ்கிறார்கள். 'மூளை பிசகிவிட்டது' என்பார்களோ என்று வீட்டாருக்கும் சொல்லாமல் விடுவோர் உண்டு.

இது மனநோய் அல்ல. உறுப்பு அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோவொரு அளவில் ஏற்படுவது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் சைலஸ் வியர் மிட்செல், 1871 இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார்.

காலில் நெருஞ்சி முள் குத்தினால் முதலில் சுருக்கென்று வலிக்கும். சற்றுப் பொறுத்தே எரிவு வரும். இரண்டும் வெவ்வேறு நரம்பு இழைகளில் போகும் செய்திகள். எரிவைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர்தான். தோல் அனுப்புவது வெறும் மின் சைகை. அது முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே 'வலி' ஆகிறது, 'கால்' ஆகிறது. மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தபோது, யாரும் தொடாமலே கையில் ஏதோ படுவதாக அவர்கள் சொன்னார்கள். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கால் போனாலும் காலுக்குரிய அந்த இடம் போவதில்லை.

வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளும் சும்மா இருப்பதில்லை. அவை கட்டியாகி, அழுத்தம் பட்டாலும் குளிர் பட்டாலும் சைகை அனுப்பும். செயற்கைக் காலின் கிண்ணம் சரியாகப் பொருந்தாவிட்டால் தொல்லை கூடும். எனவே வலி கூடினால் முதலில் கால் செய்து தந்த இடத்தில் காட்டுவது நல்லது. யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்ற அந்த இறப்பர் பாதத்தை 1968 இல் ஜெய்ப்பூரில் உருவாக்கியவர்கள், கைவினைஞர் ராம் சந்தர் சர்மாவும் வைத்தியர் பி. கே. சேத்தியும்.

வலிக்கு மருந்துகள் உண்டு. அவற்றை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மலிவான ஒரு வழியும் இருக்கிறது: நிலைக்கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் கண்டறிந்த முறை இது. இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் காலை அசைத்தால், பிம்பத்தில் இல்லாத காலும் அசைவதாகத் தெரியும். தோல் தராத செய்தியைக் கண் தருகிறது. 2007 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கால் இழந்த படையினர் தினமும் 15 நிமிடம் என நான்கு வாரம் இப்படிப் பயிற்சி செய்தார்கள், வலி குறைந்தது. முழுதாகப் பங்குபற்றியவர்கள் 18 பேர் மட்டுமே. அதிலும் கண்ணாடியைப் பயன்படுத்தியவர்கள் மூன்றிலொரு பங்கினர். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் முயன்று பார்க்கப் பெரிய செலவில்லை.

இப்போது சலரோகத்தாலும் கால்கள் அகற்றப்படுகின்றன. அங்கே கதை தலைகீழ்: கால் இருக்கும்போதே நரம்பு பழுதாகி, முள் குத்தினாலும் தெரியாது. புண் முற்றிக் கால் அகற்றப்பட்ட பிறகு, உணர்வில்லாதிருந்த அதே காலில் வலி தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் அடுத்த கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.