சித்திரை: எல்லைக்கல்லாகிய விண்மீன்

வானத்து ஒளிகளைத் தமிழ் மரபு நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் இருவகைப்படுத்திற்று. இடம் பெயர்ந்து திரிவன கோள்கள்; தமக்குள் இடைவெளி மாறாது நிற்பன நாள்மீன்கள். சோதிடம் பெரிதும் பேசுவது கோள்களைப் பற்றியே. ஆயினும் ஒரு கோள் எங்கே நிற்கிறது என்று சொல்வதற்கு நிலையான ஒன்று வேண்டும். அவ்வாறு அளவுகோலாக நின்ற விண்மீன்களுள் மிக நீண்ட வரலாறு உடையது சித்திரை. மேனாட்டார் அதனை ஸ்பைகா என்பர். தானியமாகவும் மணியாகவும் மதிக்கப்பட்ட அம்மீன், மற்ற எல்லாவற்றிற்கும் இடம் வகுக்கும் எல்லைக்கல்லாக மாறிய கதையே சோதிடத்தில் அதன் பொருளின் கதை.

கதிரும் மணியும்

பாபிலோனியரின் 'முல் அபின்' என்னும் வானநூல், இம்மீன் அமைந்த பகுதியை 'உழவுச் சால்' என்று குறித்து, அதனைச் சாலா என்னும் தெய்வத்தின் தானியக் கதிரோடு இணைக்கிறது. கிரேக்கர் வழங்கிய 'ஸ்டாக்கிஸ்', உரோமர் வழங்கிய 'ஸ்பைகா' ஆகிய இரு சொற்களுக்கும் தானியக் கதிர் என்பதே பொருள். கன்னியின் கையில் உள்ள கதிராக அதனை அவர்கள் கண்டனர். உழவோடு பிறந்த இப்பெயர் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் அழியவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தமது 'டெட்ராபிப்லோஸ்' என்னும் சோதிட நூலில் ஒவ்வொரு நிலைமீனுக்கும் கோள்களின் இயல்பை ஏற்றிச் சொன்னார். ஸ்பைகாவுக்கு வெள்ளியின் இயல்பும், சிறிதளவு செவ்வாயின் இயல்பும் உண்டு என்பது அவர் கருத்து. அரபு நாட்டார் சந்திரன் தங்கும் 14ஆம் மனையாக அதனைக் கொண்டு, 'படைக்கலம் இல்லாத சிமாக்' என்றழைத்தனர். வடக்கே ஒளிரும் சுவாதி அவர்களுக்கு 'ஈட்டி ஏந்திய சிமாக்'. ஐரோப்பிய இடைக்கால மந்திர நூலார் ஆற்றல் மிக்கவை எனத் தெரிந்தெடுத்த 15 மீன்களுள் ஸ்பைகாவும் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் அக்ரிப்பா அதற்குரிய மணி மரகதம் என்று எழுதினார்.

இந்திய மரபிலும் அது அசுவினி முதலாக எண்ண 14ஆவது நாள்மீனே. 'சித்திரா' என்ற வடசொல் ஒளிமிக்கது, பல வண்ணமுடையது எனப் பொருள்படும். அதன் தெய்வம் துவட்டா; இந்திரனுக்கு வச்சிராயுதம் செய்தளித்த தேவதச்சன். தமிழ் நிகண்டு மரபு சித்திரைக்குத் 'தச்சன்' என்றும் பெயர் சூட்டியது இத்தொடர்பினாலேயே. விம்சோத்தரி தசைக் கணக்கில் சித்திரையின் அதிபதி செவ்வாய். அதற்குரிய ஆண்டுகள் 7.

பெயர்ந்தது எது?

பலன் சொல்லும் இம்மரபுகளுக்கு அருகிலேயே வேறொரு வரலாறும் நடந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் திமோகாரிஸ் என்பவர் ஸ்பைகாவின் இடத்தை அளந்தார். பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில் சூரியன் நிற்கும் இடத்தைச் சமநாள் புள்ளி எனலாம். இலையுதிர்காலச் சமநாள் புள்ளிக்கு 8 பாகை மேற்கே அவர் அம்மீனைக் கண்டார். ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் ஹிப்பார்க்கஸ் அளந்தபோது அவ்விடைவெளி 6 பாகையாகக் குறைந்திருந்தது.

அளந்தவர் பிழை என்று ஹிப்பார்க்கஸ் இதனைத் தள்ளிவிடவில்லை. மீன்களுக்கும் சமநாள் புள்ளிகளுக்கும் இடையே மெல்லிய பெயர்ச்சி ஒன்று உண்டென்று முடிவு செய்தார். நூறாண்டுக்கு 1 பாகைக்குக் குறையாது என்பது அவர் மதிப்பீடு. 72 ஆண்டுக்கு 1 பாகை என்பது இன்றைய கணக்கு. பம்பரம் போலப் புவியின் அச்சு தலையசைத்துச் சுழல்வதே இதற்குக் காரணம். ஒரு முழுச்சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும்.

இக்கண்டுபிடிப்புச் சோதிடத்தின் முன் ஒரு வினாவை நிறுத்தியது. மேட ராசியின் தொடக்கம் எது? சமநாள் புள்ளியா, மீன்களா? தாலமி சமநாள் புள்ளியைத் தேர்ந்தார். மேனாட்டுச் சோதிடம் அவ்வழியே சென்றது. அதுவே சாயன முறை. இந்தியச் சோதிடம் மீன்களைத் தேர்ந்தது; அது நிராயன முறை. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடே அயனாம்சம். இதனால் இன்று மேனாட்டுக் கணக்கில் துலாத்தின் 24ஆம் பாகை அளவில் நிற்கும் ஸ்பைகா, இந்தியக் கணக்கில் கன்னியும் துலாமும் சந்திக்கும் வரம்பில் நிற்கிறது. மீன் ஒன்றே, அதன் முகவரி இரண்டு.

எந்த மீன்?

மீன்களைச் சார்ந்து அளப்பது என்று முடிவு செய்தபின்னும் எந்த மீனைச் சார்வது என்ற வினா எஞ்சியது. சூரிய சித்தாந்தம் சித்திரையின் இடத்தை 180 பாகை என்றும், ரேவதியின் இடத்தை 359 பாகை 50 கலை என்றும் கூறும். நூலின்படி இரண்டும் ஏறத்தாழ நேரெதிர். வானத்திலோ அவ்வாறில்லை. சித்திரையை 180 பாகையில் நிறுத்தினால் ஒரு தொடக்கமும், ரேவதியின் மீனைத் தொடக்கமாகக் கொண்டால் வேறொரு தொடக்கமும் கிடைக்கும். இரண்டிற்கும் வேறுபாடு ஏறத்தாழ 4 பாகை.

மராட்டியத்தில் இது பெரும் வழக்காகவே நடந்தது. திலகர் ரேவதி பட்சத்தை ஆதரித்தார். 'ஜோதிர்கணிதம்' எழுதிய வேங்கடேச பாபுஜி கேத்கர் சித்திரா பட்சத்தை நிலைநாட்ட முயன்றார்.

4 பாகை சிறிதன்று. ஒரு பாதத்தின் அளவே 3 பாகை 20 கலைதான். சித்திரா பட்சப்படி 178ஆம் பாகையில் சந்திரன் நிற்கப் பிறந்த குழந்தை சித்திரை 2ஆம் பாதம், கன்னி ராசி. ரேவதி பட்சப்படி அக்குழந்தையே சித்திரை 3ஆம் பாதம், துலா ராசி. 172ஆம் பாகையில் பிறந்த குழந்தைக்கோ நட்சத்திரமே மாறிவிடும்: அத்தத்தில் தொடங்கும் சந்திர தசை, சித்திரைக்குரிய செவ்வாய் தசையாகும். பெயர்சூட்டும் எழுத்தும், மணப்பொருத்தமும், தசைக் கணக்கும் இத்தேர்வைத் தொடர்ந்து மாறுவன.

இந்திய அரசு 1952இல் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு இயற்பியலறிஞர் மேகநாத சாகா தலைவர், என்.சி. லாகிரி செயலர். அக்குழுவின் அறிக்கை 1955இல் வெளிவந்தது. 1956 மார்ச் 21ஆம் நாளுக்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என அது வரையறுத்தது. இவ்வளவு சித்திரையை 180 பாகையில் நிறுத்துவது. இரு முறைகளும் ஒன்றியிருந்த ஆண்டு கி.பி. 285 எனக் கொள்வது. சோதிடத்தில் நம்பிக்கையற்ற ஓர் அறிஞரின் தலைமையில் எழுந்த வரையறையே இன்று பெரும்பாலான திருக்கணிதப் பஞ்சாங்கங்களின் அடிப்படை என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

நிலைமீனின் நிலை

வானியல் தன் வழியில் மேலும் நடந்தது. நிலைமீன்களும் தத்தம் போக்கில் மெல்ல நகர்வன என்று 1718இல் எட்மண்டு ஹாலி அறிவித்தார். ஸ்பைகா தனிமீன் அன்று, ஒன்றையொன்று 4 நாளில் சுற்றிவரும் இரட்டை என்பதை 1890இல் ஹெர்மன் வோகல் ஒளிநிறமாலையால் கண்டார். அதன் ஒளி இங்கு வந்துசேர ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஆகின்றன.

எனவே சித்திரையின் நிலைபேறு வானம் தந்தது மட்டுமன்று. மாந்தர் கூடி ஒப்புக்கொண்டதுமாகும். நிலத்தில் நட்ட எல்லைக்கல்லும் அத்தகையதே. அது கல்லாக இருப்பதால் எல்லையாவதில்லை. இருபுறத்தாரும் ஏற்பதால் எல்லையாகிறது. சாலும் கதிரும் மணியும் தச்சனும் அம்மீனுக்கு ஏற்றப்பட்ட பொருள்கள். எல்லைக்கல் என்ற பொருளோ பிற பொருள்கள் அனைத்தையும் பங்கிட்டுத் தருவது.

சித்திரா பட்சக் கணக்கின்படி சூரியன் மேடத்தில் புகும் சித்திரைத் திங்கள் முதல் நாளில், அது இம்மீனுக்கு நேரெதிரே நிற்கும். ஆகவே அன்று மாலை கிழக்கே எழும் சித்திரை, நள்ளிரவையொட்டித் தமிழகத்து வானின் உச்சிக்குச் சற்றுத் தெற்கே வந்து நிற்கிறது. திங்களுக்குப் பெயர் தந்த மீனை அத்திங்களின் முதல் இரவிலேயே எவரும் அண்ணாந்து காணலாம்.