கூப்பிட்ட குரலுக்கு யார் பொறுப்பு?

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, மலைச்சரிவில் இருக்கிறது றொசல்ல. ஒரு சிறு புகைவண்டி நிலையம்; அதைச் சூழத் தேயிலை; தேயிலைக்கு நடுவே வரிசை வரிசையாக லயங்கள். லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு காம்பிராவில் குழந்தை இருமினால் அடுத்த காம்பிராவில் இருப்பவர் விழித்துக்கொள்வார். அப்படிப்பட்ட லயத்தில், நள்ளிரவில் ஒரு பெண் அடிபட்டுக் கதறினால், அந்தக் குரல் காதில் விழவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கேட்டவர்களுள் எழுந்து போக வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

"புருஷன் பெண்சாதி சண்டை, விடிந்தால் சரியாகிவிடும்" என்று அயல் வீட்டார் போர்வையை இழுத்து மூடிக்கொள்கின்றனர். இன்று லயத்திலும் கைத்தொலைபேசி உண்டு. 119 என்ற இலக்கத்தை அழைத்தால் பொலிசுக்குச் செய்தி போகும். போன பிறகு நடப்பது என்ன? மறுநாள் இருவரையும் நிலையத்துக்கு அழைத்து, ஒரே வாங்கில் உட்காரவைத்து, அவனுக்கு ஓர் அதட்டலும் அவளுக்கு ஒரு புத்திமதியும் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்புவது நெடுநாளைய வழக்கம். இதற்குச் 'சமாதானம்' என்று பெயர். அடித்தவன் வீட்டுக்குப் போகிறான். அடிபட்டவளும் அதே வீட்டுக்கே போகிறாள். இந்தச் சமாதானம் எங்கிருந்து வந்தது? இதனை ஓர் அதிகாரியின் சோம்பல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1865ஆம் ஆண்டில் இலங்கையின் பிரித்தானிய அரசு இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வேலைக்காரர், கூலியாட்கள் ஆகியோரின் சேவை ஒப்பந்தம் பற்றியது. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது வழி செய்தது. மற்றொன்று, 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். குற்றங்களைத் தடுப்பதும், அமைதியைக் காப்பதும், குற்றவாளிகளைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்துவதும் பொலிசின் கடமைகள் என்று அதன் 56ஆம் பிரிவு விதித்தது. திருத்தங்கள் பல கண்டும் அச்சட்டம் இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு சட்டங்களுள் மலைநாட்டுத் தொழிலாளி தன் வாழ்வில் கண்டது எதை? தோட்டத்தை விட்டு ஓடியவனைத் தேடிப் பிடியாணையுடன் வந்த பொலிசைக் கண்டான். துரை கூப்பிட்டால் பொலிஸ் வந்தது. லயத்துப் பெண் கூப்பிட்டால் வந்ததில்லை. கூப்பிடலாம் என்பதை அவளுக்குச் சொன்னவரும் இல்லை.

அவளுடைய வழக்கை விசாரித்த நீதிபதிகள் வேறு. முதலில் கங்காணி, அதற்கு மேல் பெரிய கங்காணி, அதற்கும் மேல் துரையின் ஆபீஸ். இவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் குறையக்கூடாது. கொழுந்து பறிக்கும் கை ஒன்று முறிந்தால் தோட்டத்துக்கு நட்டம். அடிப்பவனைத் துரத்தினால் மலையில் ஓர் ஆள் குறையும். அடிபட்டவள் போய்விட்டால் கொழுந்துக் கூடை ஒன்று குறையும். ஆகவே இருவரையும் ஒரே காம்பிராவில் வைத்திருக்கும் தீர்ப்பே நல்ல தீர்ப்பாயிற்று. பொலிஸ் நிலையத்துச் சமாதானத்திற்கு மூலப் பிரதி இதுவே. தோட்டத்தின் கணக்கு காலப்போக்கில் ஊரின் நீதியாகிவிட்டது.

வீட்டுக்குள் இருந்த ஆதிக்கத்துக்கும் தோட்டம் துணை நின்றது. மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்குவது பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. அந்தப் பணம் சாராயக் கடையைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான். பாதி மலையைச் சுமந்தவள் பெண். ஆனால் பேரேட்டில் அவள் ஒருவனின் மனைவி.

ஆண்ட நாட்டில் அக்காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பிரான்ஸஸ் பவர் கொப் என்னும் அம்மையார், மனைவியை அடிக்கும் கொடுமைக்கு எதிராக எழுதிப் போராடினார். அதன் பயனாக 1878இல் ஒரு சட்டம் வந்தது. மனைவியைக் கொடுமையாகத் தாக்கிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனிடமிருந்து அவள் பிரிந்து வாழவும், அவனிடமிருந்து ஜீவனாம்சம் பெறவும் நீதவான் கட்டளையிடலாம் என்றது அச்சட்டம். அந்த இங்கிலாந்துதான் ஆறே ஆண்டுகளில், 1884இல், ஹட்டன் வரை இருப்புப்பாதையைக் கொண்டுவந்து சேர்த்தது. தேயிலைப் பெட்டி இறங்கிப் போக வழி பிறந்தது. அந்தச் சட்டத்தின் காற்று மட்டும் மலை ஏறவில்லை.

இலங்கையில் சட்டமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை பிறரைக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது; காயப்படுத்தியவன் கணவன் என்றால் மன்னிப்பு என்று எங்கும் எழுதவில்லை. 1889இல் ஜீவனாம்சச் சட்டமும் வந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அதை லயத்துக்குக் கொண்டுவரும் கால்கள் பொலிசின் கால்கள் ஆயிற்றே! அவை வேறு வேலையாக நடந்துகொண்டிருந்தன.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் வந்தது. கோவிந்தன் என்னும் தொழிலாளி துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்தைப் பறிகொடுக்க மறுத்துத் தொழிலாளர் திரண்டபோதும் பொலிஸ் வந்தது. சிவனு இலட்சுமணன் உயிர் நீத்தார். இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்திருக்கும் மக்கள், காக்கிச் சட்டையைக் காவல் என்று எண்ணுவது எங்ஙனம்? 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1956இன் மொழிச் சட்டம் அவர்கள் நாவை அரசாங்க வாசலில் கட்டியது. அடிபட்ட பெண் பொலிசுக்குப் போனால், தன் துயரத்தைத் தமிழில் சொல்ல, அது சிங்களத்தில் எழுதப்பட, தான் படிக்க முடியாத ஏட்டில் கையொப்பம் இடுவாள். 1987இல் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமைச் சிக்கலுக்கு முடிவு கண்டது. ஆயினும் வாசலில் ஏறிய அச்சம் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இறங்கிவிடுவதில்லை.

இங்கே நம் பக்கத்துக் குற்றத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டித் தோட்டந்தோறும் பாடினார். கங்காணியின் பிடி தளர்ந்தது. துண்டு முறை 1921லேயே ஒழிந்திருந்தது. தொழிற்சங்கம் லயத்துக்குத் தலை நிமிர்வைத் தந்தது. ஆனால் கங்காணி விட்டுப்போன நாற்காலியில் சங்கத் தலைவர் அமர்ந்தபோது, அந்தப் பழைய தீர்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். "பொலிசுக்குப் போகாதே அம்மா, தோட்டத்துக்கு மானக்கேடு, நான் பேசி முடிக்கிறேன்" என்ற சொல்லில் அன்பு இருக்கலாம், நீதி இல்லை. துரைக்கு எதிராக ஒற்றுமை வேண்டும் என்பது உண்மை. அந்த ஒற்றுமையின் விலையை அவள் முதுகு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

2005ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. உடலுக்குச் செய்யும் வன்முறையோடு மனத்துக்குச் செய்யும் கொடுமையையும் அது கணக்கில் கொண்டது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்; அவசரமானால் இடைக்காலக் கட்டளை பிறக்கும்; 14 நாட்களுக்குள் விசாரணை. கட்டளை 12 மாதம் வரை நீளலாம். அவள் வாழும் வீட்டில் அவன் நுழையக்கூடாது என்றும் விதிக்கலாம். மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். யாவற்றிலும் முக்கியமானது, அவள் சார்பில் ஒரு பொலிஸ் அலுவலரே மனுச் செய்யலாம் என்பதாகும். ஹட்டன் நீதிமன்றத்தின் படியை ஏற அறியாத கொழுந்துக்காரிக்குச் சட்டம் ஒரு துணையைக் காட்டிவிட்டது.

ஆனால் 'செய்யலாம்' என்பது வேறு, 'செய்ய வேண்டும்' என்பது வேறு. இந்த இடைவெளியில்தான் பழைய சமாதானம் இன்றும் குடியிருக்கிறது. 1988இன் மத்தியஸ்த சபைச் சட்டம் சிறு காயம் போன்ற குற்றங்களைப் பேசித் தீர்க்க அனுப்புவதால், அதற்குச் சட்டத்தின் நிழலும் கிடைத்துவிடுகிறது. வேலி தகராற்றைப் பேசித் தீர்க்கலாம். இரு பக்கமும் சமமான பலம் இருந்தால் பேச்சுக்குப் பொருள் உண்டு. ஒருவன் கையோங்க ஒருத்தி தலை தாழ்த்தும் வீட்டில் எந்தச் சமரசம் சமமான சமரசம்? 2019இல் அரசின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. கணவன் அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர் என்று கண்டது. ஆகவே இது தோட்டத்துக்கு மட்டும் உரிய நோயன்று, நாட்டின் நோய்.

உலகமும் இக்கேள்வியோடு மல்லாடியிருக்கிறது. அமெரிக்காவின் டொரிங்டன் நகரில் ஒரு பெண் தன் கணவனைப் பற்றிப் பலமுறை பொலிசில் முறையிட்டாள். 1983இல் அவன் அவளைக் கத்தியால் குத்தினான். பொலிஸ்காரர் வந்த பின்னும் உதைத்தான். அந்நியன் அடித்தால் காப்பாற்றும் பொலிஸ், கணவன் அடித்தால் கைகட்டி நிற்பது சம பாதுகாப்பு ஆகாது என்று 1984இல் நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே நாட்டின் உயர்ந்த நீதிமன்றம், காஸில் ராக் நகர வழக்கில், பாதுகாப்புக் கட்டளையைப் பொலிஸ் நிறைவேற்றியே தீரவேண்டும் என்று கோரும் உரிமை ஒரு தாய்க்கு இல்லை என்று 2005இல் தீர்ப்பளித்தது. அந்தத் தாய் தன் மூன்று பெண் குழந்தைகளையும் இழந்தவள். துருக்கி நாட்டுப் பெண் ஒருத்தியின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் இதைவிடத் தெளிவாகப் பேசியது: அவள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டாள் என்பதாலேயே அரசின் பொறுப்பு தீர்ந்துவிடாது. நம் அண்டைத் தமிழகத்தில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண் தயங்காமல் ஏற ஒரு படி கிடைத்தது நன்மையே. ஆயினும் அங்கும் 'சேர்த்து வைத்தல்' என்ற பழைய பல்லவி ஒலிக்கத்தான் செய்தது. சட்டையை அணிந்தவர் மாறினால் போதாது. சட்டைக்குள் இருக்கும் எண்ணமும் மாற வேண்டும்.

"அவனைச் சிறையில் போட்டால் அடுப்பெரிப்பது யார்?" என்று கேட்பார்கள். கேள்வி பொய்யன்று. லயக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். அவளுக்குப் போக்கிடம் இல்லை. குழந்தைகளின் வயிறு இரு சம்பளத்தை நம்பியிருக்கிறது. ஆனால் இக்கேள்வியின் விடை, அவள் அடியைப் பொறுத்துக்கொள்வது அன்று. தங்குமிடம், அவசரப் பணவுதவி ஆகியவற்றுக்கும் 2005இன் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அவள் பெயரில் சம்பளமும் அவள் பெயரில் வீடும் என்று சங்கங்கள் போராடட்டும். வறுமையைக் காட்டி வன்முறையை மன்னிப்பவர் வறுமைக்கும் வழி காணார். வன்முறைக்கும் வழி காணார்.

பொலிசிடம் நாம் கேட்பது தயவன்று, கடமை. அழைத்தால் வரவேண்டும். இருவரையும் பிரித்துத் தனித்தனியே கேட்க வேண்டும். அவள் சொல்வதை அவள் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பின் கையொப்பம் வாங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைப் பத்திரத்தை உடனே கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் காயம் ஆறிவிடும், சாட்சியும் ஆறிவிடும். ஆபத்து உண்டென்று கண்டால் அவள் சார்பில் நீதிமன்றத்தை நாட வேண்டும். கட்டளை பிறந்தபின் அது காக்கப்படுகிறதா என்று லயத்துக்கே வந்து பார்க்க வேண்டும். இவற்றைச் செய்யாத அலுவலர், ஏன் செய்யவில்லை என்று எழுதிப் பதில் சொல்ல வேண்டும். 'செய்யலாம்' என்ற சொல் அப்போதுதான் 'செய்ய வேண்டும்' ஆகும்.

தொழிலாளி ஓடினால் தேடிப்பிடிக்க 1865இல் மலையேறத் தெரிந்த கால்களுக்கு, அடிபட்ட தொழிலாளிப் பெண்ணைக் காக்க மலையேறும் வழி தெரியாமல் போகுமா? அந்த வழியைக் காட்டும் பொறுப்பு, போர்வைக்குள் விழித்துக் கிடக்கும் அயலார்க்கும் தலைவர்க்கும் உண்டு. றொசல்லையின் இருளில் இன்றிரவு ஒரு குரல் எழுந்தால், அடுத்த காம்பிராவின் விளக்கு எரியட்டும். அந்த விளக்கைக் கண்டு, சட்டமும் எழுந்து வரட்டும்.