நூலின் தலைப்பில் இருக்கும் பெயர்கள்

1998-இல் எங்கள் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளிவர ஆரம்பித்தன. அதே வருஷம் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரமும், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாகக் கொடுப்பது நோக்கம். வரிசையில் முதல் எண் திருக்குறளுக்கு. யாருக்கும் சம்பளம் கிடையாது.

ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர், வலைக்கும் பிடிஎஃப் வடிவத்துக்கும் தயார் செய்தவர் என்று பெயர்கள் இருக்கும். பலர் இதைத் தாண்டி நூலுக்குப் போய்விடுவார்கள். சரித்திரம் அந்த நாலு வரியில்தான் இருக்கிறது.

1934-இல் ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், மனிதர்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் வழியில் இந்தப் பெயர்களையும் வரையலாம். ஒரே நூலில் வேலை செய்த இருவருக்கு ஒரு கோடு. தட்டச்சு செய்தவரும் திருத்தியவரும் நூலுக்கு நூல் மாறுவார்கள். ஆனால் கோடுகளில் பெரும்பாலானவை லோசானில் வந்து முடியும். சென்னைக்காரரையும் அமெரிக்காக்காரரையும் சேர்த்து வைத்தது அந்த ஒரு புள்ளிதான்.

இது பலம், ஆபத்தும்கூட. வெண்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பாகத்துக்கு ஒரே சப்ளையர் என்றால், அவர் லாரி வராத அன்று லைன் நின்றுவிடும்.

பிற்பாடு மதுரைத் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. நூலைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பலருக்குப் பங்கிட்டுப் பிழை திருத்தும் முறை. அப்படி உருவான நூல்களின் தலைப்பில் ஒன்றிரண்டு பெயர்களுக்குப் பதில் பெரிய பட்டியலே இருக்கும். வரைபடத்தில் ஒற்றைக் கோடு வலையாகிவிடுகிறது. ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பக்கம் மட்டும் செய்ய நேரமுள்ளவரும் உள்ளே வரலாம். ஆனாலும் பக்கங்களைப் பங்கிட, திரும்ப வாங்கிக் கோக்க, ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு மாற்று ஆள் உண்டா என்பதுதான் எந்தக் கூட்டு வேலைக்கும் முக்கியமான கேள்வி.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் இப்படிப் பார்க்கலாம். மயூரநாதன் ஆரம்ப காலத்தில் தனியாளாக எத்தனையோ கட்டுரைகள் எழுதினார். ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள வரலாறு பக்கத்தைத் திறந்தால், யார் தொடங்கினார், யார் திருத்தினார் என்று தேதியோடு தெரியும்.

நம் ஊர் கோயிலில் ட்யூப் லைட்டில்கூட உபயதாரர் பெயர் பளிச்சென்று இருக்கும். இவர்கள் பெயர் தலைப்பில் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. அடுத்த முறை இலவசமாக ஒரு பழைய நூலை இறக்கும்போது, முதலில் அதைப் படித்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள்.